டோக்கன் நோட்டில் கையெழுத்திடுவதற்கு முன்

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியில் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏறி, ஒரு காப்பித் தோட்டத்தின் நடுவே சென்று, நாற்பது வீடுகள் உள்ள மலைக்கிராமத்தைத் தொட்டு, அதற்கும் மேலே சோலைக்காட்டுக்குள் போகிறது. பள்ளிப் பருவத்தில் அப்பாவுடன் முதன்முதலாக ஏறினேன். இப்போது எனக்கு வயது 46. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏறுவது வழக்கம். பன்னிரண்டு பேராகத் தொடங்கிய எங்கள் குழு நாற்பதைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு தோட்டம் கைமாறியது. தை மாதம் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கிராமத்தாருக்கு டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டால் காவலாளி திறந்துவிடுகிறார். எங்களிடம் ஆளுக்கு 300 ரூபாய் கேட்கிறார்கள். சில நாட்களில் அதற்கும் அனுமதி இல்லை. ஸ்காட்லாந்தில் யாருடைய நிலத்திலும் யாரும் நடக்கலாம் என்று படித்தேன். இங்கே எங்களுக்கு அந்த உரிமை இல்லையா? கேட்டை நாங்களே அகற்றிவிட்டால் என்ன?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டைத் தொடாதீர்கள். பூட்டையும் தொடாதீர்கள். அடுத்தவர் நிலத்தின் மீது ஒருவருக்குள்ள வழி போன்ற உரிமைகளைப் பற்றியது 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம். அதில் 36-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வழியில் நடக்கும் உரிமை உடையவரே ஆனாலும், அந்த வழியை மறித்து வைத்த தடையைத் தன் கையால் அகற்றக் கூடாது என்கிறது அது. உரிமை உள்ளவருக்கே அப்படி. உங்கள் உரிமையோ இன்னும் நிறுவப்படவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையடிவார ஊரின் பாதை வழக்கை நடத்தினேன். ஊர்க்காரர்கள் பக்கம் நியாயமும் இருந்தது, ஆவணமும் இருந்தது. வழக்குப் போட்ட இரண்டாவது வாரம், இளைஞர்கள் சிலர் இரவோடு இரவாக வேலிக் கல்தூண்களைச் சாய்த்துவிட்டார்கள். மறுநாள் காலை பதினோரு பேர் மீது குற்ற வழக்கு. அதன்பின் மூன்று ஆண்டுகள் ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் அலைந்தோம். பாதை வழக்கு ஒரு மூலையில் கிடந்தது. அது விசாரணைக்கு வந்தபோது, அந்தத் தடத்தைச் சிறுவயது முதல் அறிந்த இரண்டு பெரியவர்கள் இறந்து போயிருந்தார்கள். அந்த இரண்டு சாட்சியங்களுக்கு ஈடாக எந்தக் காகிதத்தையும் என்னால் கொண்டுவர முடியவில்லை. ஆகவே இந்த விஷயத்தில் என்னிடம் பொறுமை குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது டோக்கனும் கையெழுத்து நோட்டும்தான். ஏனென்று சொல்வதற்கு முன், பாதை உரிமை என்பது நம் சட்டத்தில் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தைப் பற்றி நீங்கள் படித்தது சரி. 2003-இல் இயற்றப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை எல்லோருக்கும் தந்தது. வீட்டை ஒட்டிய தோட்டத்துக்கும் பயிர் நிற்கும் வயலுக்கும் அங்கேயும் விலக்கு உண்டு. இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24 அன்று ஏறத்தாழ நானூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். மலை, மேட்டுப் புல்வெளி போன்ற திறந்த நிலங்களில் நடக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்ள 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் அத்தகைய பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஆங்கிலேய ஆட்சி நம் மலைகளைக் கோடு போட்டுப் பிரித்தது. ஒரு பகுதி காப்புக்காடு ஆனது. மறு பகுதி காப்பிக்கும் தேயிலைக்கும் போயிற்று. அதற்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தவர்களின் தடங்கள் இரண்டுக்கும் குறுக்கே கிடந்தன. அந்தத் தடங்களின் கதைதான் இன்று உங்கள் கையில் இருப்பது.

ஆகவே "இயற்கையை ரசிக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று நீதிமன்றத்தில் நின்றால் வழக்கு அன்றே முடிந்துவிடும். "இந்தக் குறிப்பிட்ட தடத்தில் இன்னார் இத்தனை காலமாக நடந்தார்கள்" என்று நின்றால்தான் வழக்கு தொடங்கும்.

இன்னார் என்றால் யார்? ஈஸ்மெண்ட் உரிமை, நம் பத்திரங்களின் மொழியில் வழிநடை பாத்தியம், நிலத்தோடு ஒட்டியது. மேலே வீடோ காடோ வைத்திருப்பவர், அதை அனுபவிப்பதற்காக அடுத்தவர் நிலத்தின் வழியே நடந்து போகும் உரிமை அது. உங்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் இல்லை. நீங்கள் முப்பது ஆண்டுகள் நடந்திருந்தாலும் அந்த வகை உரிமை உங்களுக்குப் பிறக்காது. மலைக்கிராமத்தாருக்குப் பிறக்கும். எதிர்ப்பின்றி, வெளிப்படையாக, தன் உரிமை என்ற நினைப்போடு, இடைவிடாமல் இருபது ஆண்டுகள் நடந்திருந்தால் 15-வது பிரிவின் கீழ் அவர்களுக்கு வழி உரிமை உண்டு. இடையில் அரசு நிலம் இருந்தால் அந்தப் பகுதிக்கு முப்பது ஆண்டுகள். ஊர் முழுவதும் வழிவழியாக நடந்த தடம் என்றால் 18-வது பிரிவின் கீழ் வழக்காற்று உரிமையும் கோரலாம்.

உங்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அதே சட்டத்தின் 2-வது பிரிவு, பொதுமக்களுக்கு ஒரு நிலத்தின் மீது இருக்கும் வழக்காற்று உரிமைகளைத் தான் தொடவில்லை என்று தொடக்கத்திலேயே விலக்கி வைக்கிறது. அதாவது ஒரு தடம் பொதுப்பாதையாகவே இருந்தது என்று நிறுவ முடிந்தால், நிலம் வைத்திருப்பவர், வைத்திராதவர் என்ற வேறுபாடே எழாது. சந்தைக்கு வந்தவர், கோயிலுக்குப் போனவர், தபால்காரர், உங்கள் அப்பா என எல்லோரும் அதில் பொதுமக்கள்தான். ஒருமுறை பொதுப்பாதையாகிவிட்டால் எப்போதும் பொதுப்பாதை என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி. நிலம் எத்தனை கை மாறினாலும் பாதை அதோடு சேர்ந்து விலைபோவதில்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

"தன் உரிமை என்ற நினைப்போடு" என்று மேலே எழுதினேன் அல்லவா, வழக்கின் உயிர் அந்த நான்கு சொற்களில் இருக்கிறது. நில உரிமையாளர் அனுமதித்ததால் நடந்தேன் என்று ஆகிவிட்டால், அது உரிமையாகாது, வெறும் அனுமதி. சட்டம் அதை லைசென்ஸ் என்கிறது. கொடுத்தவர் நினைத்த நேரத்தில் திரும்பப் பெறலாம். தினமும் காலையில் ஒரு பெண் விறகுக்கோ வேலைக்கோ இறங்கும்போது, "தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் செல்கிறேன்" என்று அச்சிட்ட நோட்டில் கைநாட்டு வைக்கிறார் என்றால், தன் பாட்டி நடந்த பாதையை அவர் தன் கையாலேயே விட்டுக்கொடுக்கிறார். அவருக்கு அது தெரியாது. காவலாளிக்கும் தெரியாமல் இருக்கலாம். அந்த நோட்டைத் தயாரித்துக் கொடுத்தவருக்கு நன்றாகத் தெரியும் என்று என் தொழில் அனுபவம் சொல்கிறது. நாளை வழக்கு வரும்போது அந்த நோட்டுகளை அடுக்கி வைத்து, "முன்பும் இப்படித்தான், வாய்மொழி அனுமதியில்தான் நடந்தார்கள்" என்று வாதிடுவார்கள்.

நீங்கள் கொடுக்கும் 300 ரூபாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் நல்ல மனத்தோடு, தகராறு வேண்டாம் என்று கொடுக்கிறீர்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்கள் கட்டணம் செலுத்தி நுழைந்தார்கள் என்ற பதிவு, இது பொதுப்பாதை அல்ல என்பதற்கான சான்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது. தயவுசெய்து இந்த விவகாரம் தீரும் வரை உங்கள் குழு அந்தக் கேட்டுப் பக்கம் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வேறு மலை இருக்கிறது. அந்தக் கிராமத்துக்கு வேறு பாதை இல்லை.

கிராமத்தார் என்ன செய்வது? பள்ளிக்கும் ரேஷனுக்கும் மருத்துவமனைக்கும் இறங்கியே ஆக வேண்டியவர்களிடம், டோக்கன் வாங்காதீர்கள், மேலேயே இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் கூடி ஒரு கடிதம் எழுதட்டும். "இந்தத் தடத்தில் எங்கள் முன்னோர் காலம் முதல் உரிமையோடு நடக்கிறோம். இன்ன தேதியில் நீங்கள் போட்ட பூட்டு அந்த உரிமைக்கு இடையூறு. பூட்டியிருப்பதால் வேறு வழியின்றி, எங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தே டோக்கன் வாங்குகிறோம். அதை அனுமதியாக ஏற்கவில்லை." இவ்வளவு போதும். தோட்ட உரிமையாளருக்கு ஒப்புகைச் சீட்டுடன் அஞ்சலில் ஒரு பிரதி. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஊராட்சி மன்றத் தலைவர் ஆகியோருக்கு ஒவ்வொரு பிரதி. முடிந்தால் நோட்டிலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் "எதிர்ப்புடன்" என்று எழுதட்டும்.

இந்தக் கடிதத்துக்கு அவசரம் உண்டு. 15-வது பிரிவின் விளக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தடை ஏற்பட்டது தெரிந்த பிறகும் ஓராண்டு அதற்கு இணங்கி இருந்துவிட்டால், அதுவரை தொடர்ந்து வந்த அனுபவம் அறுந்ததாகக் கொள்ளப்படும். தை மாதம் கேட் போட்டார்கள். இதை நான் எழுதுவது ஆடியில். பாதிக் காலம் போய்விட்டது. இன்னொரு கணக்கும் உண்டு. இருபது ஆண்டு அனுபவம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மூன்று தீபாவளிகள் கடந்த பிறகு வக்கீலைத் தேடி வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆவணம். இதில் உங்கள் குழு செய்யக்கூடிய வேலை ஏராளம். உங்களில் கணினி தெரிந்தவர்கள் இருப்பீர்கள், திண்டுக்கல்லிலும் சென்னையிலும் அலுவலகங்களுக்குப் போகக்கூடியவர்கள் இருப்பீர்கள். மலையிலிருந்து இறங்கி ஒரு நாள் கூலியை இழந்து அலைய வேண்டியவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி அதுவாக இருக்கட்டும்.

பாதை கடக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புல வரைபடம் எடுங்கள். எஃப்.எம்.பி. என்று கேட்டால்தான் அலுவலகத்தில் புரியும். அதில் பாதை கோடாகக் காட்டப்பட்டிருக்கிறதா, தனி உட்பிரிவு எண்ணோடு பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிராமத்து நிலங்களின் விவரம் அடங்கிய அ-பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் அதையே சரிபாருங்கள். புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. அந்தத் துண்டு தோட்டத்துக்காரரின் பட்டாவிலேயே இல்லை. கேட் ஓர் ஆக்கிரமிப்பு. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்ற வேண்டிய பொறுப்பு வருவாய்த் துறைக்கு வந்துவிடும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தையும் பாருங்கள். மலைகளில் ஒற்றையடிப் பாதைகளைக்கூட அவர்கள் குறித்திருப்பார்கள். பழைய பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. நில அளவை வரைபடத்தில் கோடு இருப்பது மட்டுமே உரிமையை நிறுவிவிடாது. ஆனால் தடம் அன்றே இருந்தது என்பதற்கு அது அசையாத சாட்சி.

பலரும் மறந்துவிடும் ஓர் இடம் சார்பதிவாளர் அலுவலகம். அந்தத் தோட்டத்துக்கு வில்லங்கச் சான்று போட்டு, பழைய கிரயப் பத்திரங்களின் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். நம் பத்திர எழுத்தர்கள் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகள், எழுதும்போது மண்ணில் உள்ளதை உள்ளபடி எழுதுவார்கள்: "மேல ஊருக்குச் செல்லும் பாதைக்குக் கிழக்கு", "மாமூல் தடத்துக்கு வடக்கு", "மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட". தோட்டத்தை விற்றவரின் பத்திரத்திலேயே, அவருக்கு விற்றவரின் பத்திரத்திலேயே, இந்தச் சொற்கள் இருந்துவிட்டால் வாங்கியவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு வழக்கில் 1930-களின் பத்திரம் ஒன்றில் இருந்த ஒற்றை வரி எனக்கு வென்று கொடுத்தது. அதைக் கண்டுபிடித்தது ஊரில் பத்தாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண்.

காட்டை ஒட்டிய ஊர் என்பதால் இன்னொரு புதையலும் இருக்கலாம். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிப்பதற்கு முன், வன நிர்ணய அலுவலர் ஒருவர் அங்கே யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும். வழி உரிமை கோரிக்கைகளும் அந்த விசாரணையில் அடங்கும். எந்தத் தடம் யாருக்காக ஒப்புக்கொள்ளப்பட்டது என்ற குறிப்பு அந்தக் கோப்பிலோ பழைய அரசிதழ் அறிவிப்பிலோ இருக்கக்கூடும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்காருவதற்கு உங்கள் நாற்பது பேரில் ஒருவராவது முன்வருவார் என்று நம்புகிறேன்.

காகிதத்துக்கு அப்பால் ஊரின் அன்றாடம் இருக்கிறது. சாலை இல்லாத மலைக்கிராமத்துக்குத் தேர்தல் அலுவலர்கள் எப்படிப் போனார்கள்? தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப் போவதைத் தேர்தல் நேரங்களில் நாளிதழ்களில் படமாகப் பார்த்திருக்கிறோம். உங்கள் கிராமத்துக்கும் அப்படி யாராவது போயிருந்தால், எந்த வழியில் போனார்கள் என்பது அரசின் சொந்தப் பதிவில் இருக்கும். ரேஷன் மூட்டை ஏறிய வழி, சுகாதாரச் செவிலியர் ஏறிய வழி, பிரசவ வலி கண்டவரை டோலி கட்டி இறக்கிய வழி, எல்லாம் சாட்சிதான். கொடைக்கானலுக்கே 1910-களில் மலைச்சாலை போடப்படும் வரை சமவெளியிலிருந்து ஏறியவர்கள் நடந்தும் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் பாதையில் இன்றும் நடக்கலாம். ஊருக்குள் யாரும் செருப்பு அணியாத அந்த வெள்ளகவியின் வாழ்க்கை முழுவதும் அந்தத் தடத்தில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. இத்தகைய ஊர்களில் பாதையை எடுத்துவிட்டால் ஊரை எடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

பெரியவர்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் யார் யார் என்று இப்போதே பட்டியல் எடுங்கள். வழக்குத் தொடுத்ததும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-வது கட்டளை, 16-வது விதியின் கீழ், முதுமையைக் காரணம் காட்டி அவர்களின் சாட்சியத்தை உடனே பதிவு செய்யும்படி மனுச் செய்யலாம். நான் மேலே சொன்ன வழக்கில் இதை அன்றே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

எங்கே போவது? பொதுப்பாதை என்று காட்டக்கூடிய ஆவணம் கிடைத்தால், முதலில் கோட்டாட்சியரிடம் போகலாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 133, பொதுவழியில் உள்ள சட்டவிரோதத் தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. எதிர்த்தரப்பு, "இது பொதுவழியே அல்ல" என்று நம்பத்தகுந்த சான்று காட்டினால் அவர் நடவடிக்கையை நிறுத்தி உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-வது பிரிவின் கீழ் பொதுமக்கள் சார்பில் வழக்குத் தொடரலாம். தமக்குத் தனியாக நஷ்டம் ஏற்பட்டது என்று காட்ட வேண்டியதில்லை. இந்த வழக்கில் உங்கள் பெயரும் இருக்கலாம். ஊரின் வழி உரிமைக்கான வழக்கை ஊர்க்காரர்கள் தங்கள் பெயரில், பிரதிநிதித்துவ வழக்காக, அதாவது ஊர் முழுவதன் சார்பில் சிலர் போடும் வழக்காக, போட வேண்டும். இரண்டையும் ஒரே வழக்கில் கலந்து கோரலாம் என்றாலும், முதல் வாதி மலைக்கிராமத்தவராக இருப்பது நல்லது. நீதிபதியின் முன் வாழ்க்கைத் தேவையும் வார இறுதி விருப்பமும் ஒரே எடையில் நிற்காது, நிற்கவும் கூடாது. வழக்குப் போட்ட முதல் நாளே வழக்கறிஞர் ஆணையரை நியமித்துத் தடத்தை நேரில் பார்க்க மனுக் கொடுங்கள். தேய்ந்த படிக்கற்களும் சுமைதாங்கிக் கல்லும் சில மாதங்களில் புல்டோசருக்கு இரையாகிவிடும்.

ஊராட்சியை மறக்காதீர்கள். 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி, நெடுஞ்சாலைகளும் ஒன்றியச் சாலைகளும் நீங்கலாக, ஊரில் உள்ள பொதுச் சாலைகள் ஊராட்சியைச் சேர்ந்தவை. கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் கோட்டாட்சியர் முன் அதன் எடை வேறு.

இனி நீங்கள் விரும்பாத ஒரு செய்தி. கேட் திறந்தாலும் உங்கள் பயணம் கிராமத்தோடு நின்றுவிடலாம். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. மேலே உள்ள சோலைக்காடு அதன் எல்லைக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ இருந்தால், வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். தோட்டத்துக்காரரின் கட்டணச் சீட்டு அதற்கு ஈடாகாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலை–குரங்கணிச் சரிவில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே அந்த ஆண்டு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் நாற்பது தடங்களோடு அரசின் மலையேற்றத் திட்டமும் தொடங்கியது. முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். வறண்ட மாதங்களில் மூடிவிடுவார்கள், மூட வேண்டும். உங்கள் தடமும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும் என்று கிராமத்தார் விரும்பினால், வழிகாட்டி வேலை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அவர்கள் விரும்பினால் மட்டும். காட்டுக்குள் தங்களுக்கென்று இருக்கும் தடங்களுக்கும் கோயில் வழிகளுக்கும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபை மூலம் அவர்கள் தனியே கோரிக்கை வைக்கலாம். அது உங்கள் வழக்கோடு குழம்பக் கூடாது.

தோட்டத்துக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவர் வில்லன் என்று முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. மிளகுக் கொடி அறுபடுகிறது, பழுத்த காப்பி காணாமல் போகிறது, பாட்டில் உடைகிறது, யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டில் புல் பற்றுகிறது. யானை மிதித்து ஒருவர் இறந்தால் தன் தலையில் விழும் என்ற பயமும் இருக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் விமானப்படை அகாடமி வளாகப் பாதையில் சைக்கிள் ஓட்டிய ஒருவர் அரிப்புக் குழியில் விழுந்து படுகாயமடைந்ததற்கு நீதிமன்றம் எழுபது லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அதைக் கண்டு, 14,000 அடிச் சிகரங்கள் சிலவற்றின் நில உரிமையாளர்கள் பாதைகளை மூடிவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்தவருக்குப் பாதுகாப்புத் தரும்படி 2024-இல் மாநிலச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லாததால், இங்கே அந்தப் பயத்தை ஒப்பந்தத்தில்தான் தீர்க்க முடியும்.

வழக்குப் போட்ட பிறகும் பேசலாம். போட்ட பிறகு பேசினால் பெரும்பாலும் நன்றாகவே பேசுவார்கள். வாகனத்துக்குக் கேட் பூட்டியிருக்கட்டும், பக்கத்தில் ஆள் நுழையும் அகலத்துக்குத் திறந்த வழி இருக்கட்டும். தடத்தை விட்டு விலகாமல் இருக்க இருபுறமும் கல் நடலாம். நடப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட கோட்டிலேயே நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை ஈஸ்மெண்ட் சட்டத்தின் 22-வது பிரிவின்படி தோட்டத்துக்காரருக்கும் உண்டு. இந்த உடன்பாட்டைப் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி நான்கு பேர் கையெழுத்திட்டால், அடுத்த முறை தோட்டம் கைமாறும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உங்கள் குழு நாற்பதைத் தாண்டியது பற்றியும் சொல்லியாக வேண்டும். நடக்க மட்டும் உள்ள வழி உரிமை வண்டிக்கு நீளாது என்று சட்டம் சொல்கிறது. அதே போல, சிலர் நடந்துபோகப் பிறந்த ஒரு வழியின் சுமையை இஷ்டத்துக்குப் பெருக்கவும் முடியாது. ஒற்றையடிப் பாதையில் நாற்பது பேர் வரிசையாக ஏறும்போது, எதிரே தலையில் புல்லுக்கட்டோடு இறங்கும் ஒரு பெண் எங்கே ஒதுங்குவார்? நீங்கள் ஒருமுறையாவது ஒதுங்கி நின்றீர்களா என்று கடிதத்தில் இல்லை. நின்றிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் நாற்பது பேரும் நின்றிருக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். காப்பி அறுவடை நடக்கும் வாரங்களில் போகாதீர்கள். நாளை ஒப்பந்தம் பேசும்போது உங்களிடம் கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இதுதான் அது.

இந்த வாரமே மேலே இருந்து யாராவது சந்தைக்கு இறங்கும் நாளில் அடிவாரத்தில் போய் அவர்களைப் பாருங்கள். உங்கள் பாதையைப் பற்றிப் பேசாமல், அவர்களுடைய பாதையைப் பற்றிக் கேளுங்கள். டோக்கனை ஒரு படமும், நோட்டின் மேல்பகுதியில் அச்சிட்டிருக்கும் வாசகத்தை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட் போட்ட தேதியை அவர்களில் யாருக்காவது சரியாக நினைவிருக்கும். பொங்கலுக்கு முன்பா, பின்பா என்றாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியையும், பாதை கடக்கும் சர்வே எண்களையும், அந்த வாசகத்தையும் எனக்கு அனுப்புங்கள். எதிர்ப்புக் கடிதத்தின் வரைவை நான் எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்